நேர்கால் வழக்கு

செம்பாறை என்றொரு நாடு. அதை நிலப்படத்தில் தேட வேண்டாம். தேடிக் கிளம்பியவர்கள் எல்லாரும் கடைசியில் தங்கள் சொந்த ஊரிலேயே வந்து நின்றார்கள். அங்கே மழை குறைவு, பாறை அதிகம், அரசு அறிவிப்புகள் அதைவிட அதிகம். எட்டாம் திருமுடி என்ற மன்னர் அதை ஆண்டுவந்தார். மக்கள் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள் என்று யாரோ அவர் காதில் போட, ஊருக்கொரு ஆழ்துளைக் கிணறு தோண்டும்படி ஆணையிட்டார். பாறையைக் குடைந்து குடைந்து பாதாளம் வரைக்கும் துளை போட்டார்கள். தண்ணீர் வந்தது. ஒவ்வொரு கிணற்றின் மீதும் மன்னரின் கற்சிலை ஒன்றை நிறுத்தி, சிலையின் கையிலுள்ள குடத்திலிருந்து தண்ணீர் கொட்டும்படி செய்தார்கள். அதற்குத் திருமுடி ஊற்று என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதில் மட்டும் அந்த நாட்டில் ஒருபோதும் தாமதம் நேர்ந்ததில்லை.

ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் கால்கள் வளையத் தொடங்கின. நடக்கப் பழகும் வயதில் முட்டிக்குக் கீழே லேசாகச் சாயும். பள்ளிக்கூடம் போகும் வயதில் இரண்டு காலும் வில் மாதிரி ஆகிவிடும். வளைந்தது பிறகு எந்த வைத்தியத்துக்கும் நிமிராது. மக்கள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், மருமகளின் ராசியைக் குறை சொன்னார்கள். தண்ணீரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. மன்னரின் கையிலிருந்து விழும் தண்ணீராயிற்றே.

சந்தேகப்பட்டவள் பங்கயம். கள்ளிமேடு என்ற ஊரில் பிறந்து, தலைநகரத்துக் கல்விச்சாலையில் நீரியல் படித்து, அங்கேயே ஆய்வாளராக இருந்தவள். அவளுடைய தங்கை அஞ்சலையின் மூத்த பையனுக்குக் கால் வளைந்தபோதுதான் அவள் ஊர் ஊராக நடக்கத் தொடங்கினாள். ஏரித் தண்ணீர் குடித்த ஊர்களில் பிள்ளைகள் ஓடினார்கள். ஊற்றுத் தண்ணீர் குடித்த ஊர்களில் தவழ்ந்தார்கள். பாறைக்கு அடியில் கிடக்கும் ஓர் உப்பு அந்த ஆழத்துத் தண்ணீரில் கரைந்து பிள்ளைகளின் எலும்பில் போய்ச் சேர்கிறது என்பதைச் சோதித்து உறுதி செய்தாள். எலும்பு இளசாக இருக்கும் வயதில் தண்ணீரை மாற்றிவிட்டால் போதும், கால் தப்பித்துவிடும். மாற்றாவிட்டால் அந்தத் தலைமுறை முழுக்கப் போய்விடும்.

அஞ்சலைக்கு இரண்டாவதாக ஒரு பெண் பிறந்திருந்தது. செவந்தி என்று பெயர். அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியது.

"மூத்தவன வுட்டுட்டேன்க்கா," என்றாள் அஞ்சலை. "இவளயாச்சும் காப்பாத்திக் குடு. நீ படிச்சவ. ராசாகிட்ட நீ சொன்னா கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்கடி. படிச்சவங்க சொல்றத கேக்கறதுக்குன்னே ஒரு மன்றம் வெச்சிருக்காங்க," என்றாள் பங்கயம். அன்றைக்கு அவள் அதை மனதார நம்பினாள்.

அவள் சொன்னது அறிஞர் அரசு நல்லுறவு மன்றம். ஆய்வு செய்பவர்களுக்கு ஆளத் தெரியாது, ஆள்பவர்களுக்கு ஆய்வு புரியாது, இருவருக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்று அரசு கட்டிய மாளிகை அது. அதன் தலைவர் அம்பலவாணர். எந்த நேரமும் சிரித்த முகம். எதிரில் நிற்பவர் அழுதாலும் அந்தச் சிரிப்புக்கு ஒரு குறையும் வராது.

பங்கயத்தின் ஆய்வைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அருமை, அம்மையே, அருமை. ஆனால் 'வளைகிறது' என்னும் சொல் இதில் சற்று மிகுதியாக வருகிறது."

"வளையுதுங்களே ஐயா."

"வளையட்டும். நான் மறுக்கவில்லை. ஆயினும் உண்மையை அரசிடம் எடுத்துச் செல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறையை உங்களுக்குக் கற்றுத் தருவதற்காகவே இம்மன்றம் இயங்குகிறது."

அந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செம்பாறையில் பேரமைச்சர் கீர்த்திவர்மர் பகல் உணவு முடித்து வெற்றிலை போடும்போதுதான் அறிஞர்கள் அவர்முன் பேசலாம். வாயில் வெற்றிலை இருந்தால் அமைச்சரால் குறுக்கே பேச முடியாது. அறிவுக்கு அரசு காட்டும் மரியாதை அது என்று எந்தக் காலத்திலோ யாரோ ஏற்படுத்திய வழக்கம். அவர் எச்சில் படிக்கத்தை எடுத்துத் துப்பிவிட்டால் பேட்டி முடிந்தது. அதற்குமேல் ஒரு சொல் பேசினாலும் அது பேச்சாகாது, வெறும் சத்தம்தான்.

"முதலில் நன்றி," என்று பாடம் நடத்தினார் அம்பலவாணர். "அடுத்து மன்னரின் கொடையைப் போற்றுதல். அடுத்து இந்த ஆய்வு எத்துணை முக்கியமானது என்று நிறுவுதல். குறையை அதன் பிறகே சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் கசப்பைக் கொடுத்தால் கேட்பவர் மனம் மூடிக்கொள்ளும்."

"குறைக்கு வர்றதுக்குள்ள அவர் துப்பிட்டா?"

"துப்ப மாட்டார். பேரமைச்சர் நிதானமாக மெல்லுபவர்."

பங்கயத்துக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அந்த மாளிகையில் எல்லாரும் அத்தனை அக்கறையாகப் பேசினார்கள். எங்கே நிற்க வேண்டும், கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 'நோய்' என்று எழுதியிருந்ததை 'வளர்ச்சி சார்ந்த சவால்' என்று திருத்தினார்கள். ஒத்திகை பார்த்தார்கள். இவ்வளவு பேர் உதவும்போது நாம் ஏன் முரண்டு பிடிக்க வேண்டும் என்று அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் குமைந்ததுண்டு.

பேட்டி நாள் வந்தது. பேரமைச்சர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணைக் காட்டினார். பங்கயம் நன்றி சொன்னாள். மன்னர் நாட்டின் தாகத்தைத் தீர்த்த கதையைச் சொன்னாள். கீர்த்திவர்மர் மென்றபடி தலையசைத்தார். பிறகு ஆய்வின் முக்கியத்துவத்துக்கு வந்தாள்.

"நம்ம நாட்டுக் குழந்தைகளோட கால் எப்படி வளரணும்னு தீர்மானிக்கிறதே திருமுடி ஊற்றுத் தண்ணீர்தான். இது சோதனையில் உறுதியா தெரிஞ்சிருக்கு. ஆனா..."

படிக்கத்தில் எச்சில் விழுந்த சத்தம் கேட்டது.

உடனே மேளம் முழங்கியது. இரண்டு பேர் ஊதா நிறப் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார்கள். "அந்தத் தண்ணிய நிறுத்தணும், ஐயா, அந்தத் தண்ணிதான்..." என்று அவள் கத்தியது நாயனத்தில் அமுங்கிப்போனது. பேரமைச்சர் தம் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். அவையோர் கைதட்டினார்கள். அரண்மனை ஓவியர் அவளை அசையாமல் நிற்கச் சொல்லிப் படம் வரைந்தார். படத்தில் அவள் வாய் திறந்திருந்தது. அதை அவர் புன்னகையாக மாற்றிக்கொண்டார்.

அரசாணை தண்டோரா போட்டு ஊருக்கு வந்தபோது பங்கயம் கள்ளிமேட்டில் இருந்தாள். குழந்தைகளின் கால் வளர்ச்சியைத் திருமுடி ஊற்று நீரே தீர்மானிக்கிறது என்று அறிஞர் பங்கயம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருப்பதால், இனி ஒவ்வொரு குழந்தைக்கும் காலையும் மாலையும் கூடுதலாக ஒரு செம்பு ஊற்று நீர் புகட்டப்பட வேண்டும். நீர்க் கண்காணிப்பாளர் நேரில் நின்று பார்ப்பார். புகட்டத் தவறும் தாய்மார் தண்டிக்கப்படுவர்.

அஞ்சலை இடுப்பில் குழந்தையோடு அப்படியே நின்றாள். "என்னக்கா இது? நீ போயி இதையா சொல்லிட்டு வந்த?"

பங்கயம் அன்றைக்கே வண்டி பிடித்துத் தலைநகரத்துக்கு ஓடினாள்.

அம்பலவாணர் எழுந்து வந்து வரவேற்றார். "மாபெரும் வெற்றி! ஓர் ஆய்வு இத்துணை விரைவாகக் கொள்கையாக மாறியது நம் மன்றத்தின் வரலாற்றிலேயே இல்லை."

"ஐயா, தலைகீழா மாத்திட்டீங்க! கால் வளையறதே அந்தத் தண்ணியாலதான். நான் எழுதினத முழுசா படிச்சீங்கல்ல?"

"படித்தேன். வரிக்கு வரி படித்தேன்."

"அப்புறம் ஏன் சும்மா இருக்கீங்க?"

"பேட்டியில் சொல்லப்பட்டதே ஆய்வு, அம்மையே. சொல்லப்படாதது உங்கள் சொந்தக் கருத்து. மேலும், பொன்னாடை போர்த்திய முடிவு முடிந்த முடிவு. அதற்கு எதிராக இன்னொருவர் ஆய்வு செய்வதே அவமதிப்பு என்னும்போது, ஆய்வாளரே எதிர்த்தால் என்ன சொல்வது?"

"அந்தப் பொன்னாடைய நான் திருப்பித் தந்துடறேன்."

"தரலாம். அரச துரோகத்துக்கு என்ன தண்டனை என்று தெரிந்துகொண்டு தாருங்கள்." சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ நன்மை செய்பவர்போலச் சொன்னார்: "ஊற்றை நிறுத்தினால் அதன்மேல் இருக்கும் சிலையைத் துணியால் மூட வேண்டும். மன்னர் சிலையைத் துணியால் மூடுவது எப்போது? மன்னர் காலமானால் மட்டும். ஊற்றை மூடுங்கள் என்று நீங்கள் சொல்வதற்கு இந்நாட்டில் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள்."

பிள்ளைகளின் கால் போனால் போகட்டும், கல்லுக்குத் துணி போர்த்தக் கூடாது. இதைச் சொல்ல ஒரு மாளிகை, அதில் இத்தனை அறை, அறைக்கொரு அதிகாரி. பங்கயத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கூடுதல் செம்பு புகட்டியதில் கால்கள் இன்னும் வேகமாக வளைந்தன. இந்தத் தகவல் அரண்மனைக்குப் போனபோது அங்கே ஒரு குழு கூடியது. ஊற்று நீரை அருந்தியும் பயன் தெரியவில்லை என்றால் மக்கள் அதனோடு ஏரி நீரையும் கலந்து குடிக்கிறார்கள், அதுதான் கெடுக்கிறது என்று குழு கண்டுபிடித்தது. ஏரிகளைச் சுற்றி முள்வேலி போட்டுப் பூட்டினார்கள். அதோடு விட்டார்களா? ஒவ்வொரு சிலையின் பீடத்திலும் 'அறிஞர் பங்கயம் அவர்களால் நிறுவப்பட்ட நீர்' என்று செதுக்கி வைத்தார்கள்.

கள்ளிமேட்டில் அவளைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருநாள் பொன்னாத்தா என்பவள் வழிமறித்து, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பங்கயத்தின் காலடியில் உட்காரவைத்தாள். அதற்கு நிற்க வரவில்லை.

"அந்தக் கல்லுல எழுதியிருக்கிறது எனக்குப் படிக்கத் தெரியாது," என்றாள் பொன்னாத்தா. "ஆனா எம்புள்ள காலுல நீ எழுதுனது நல்லாத் தெரியுது. பாத்துக்க."

பங்கயம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுவதற்கும் தனக்கு அருகதை இல்லை என்று தோன்றியதும் எழுந்தாள். அன்றிலிருந்து வீடு வீடாகப் போய் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள். நன்றியும் இல்லை, போற்றுதலும் இல்லை. எடுத்த எடுப்பில் குறைதான்.

"அந்தத் தண்ணி வெஷம். குடுக்காதீங்க. வேட்டியக் கட்டி மழைத்தண்ணி புடிங்க. அத மட்டும் குடுங்க."

கதவைச் சாத்தியவர்கள் உண்டு. கண்காணிப்பாளருக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டவர்கள் உண்டு. செய்தவள் அஞ்சலை ஒருத்திதான். மழை வந்தால் முற்றத்தில் நான்கு கழி நட்டு வேட்டியைக் கட்டினாள். அடியில் அண்டா வைத்தாள். கண்காணிப்பாளர் வரும் நேரம் செவந்திக்கு ஊற்றுத் தண்ணீரைப் புகட்டுவதுபோல் புகட்டி, அவர் தலை மறைந்ததும் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாள். பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தாய் அந்த நாட்டில் இப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது. செவந்தியின் கால்கள் நேராக வளர்ந்தன.

இதற்கிடையில் வளைந்த கால்களைப் பற்றி அண்டை நாட்டுத் தூதர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மன்னருக்குத் தலைக்குனிவாகப் போயிற்று. பேரமைச்சர் அரண்மனைத் தச்சரை அழைத்து வில்போல வளைந்த ஒரு கோல் செய்யச் சொன்னார். அதற்கு அரச நேர்கோல் என்று பெயர். இனி கால்கள் இந்தக் கோலால் மட்டுமே அளக்கப்பட வேண்டும் என்று அரசாணை வந்தது. அளந்தார்கள். வளைந்த கால்கள் எல்லாம் கோலோடு கச்சிதமாகப் பொருந்தின. நாட்டில் கால் வளைந்த குழந்தை ஒன்றுகூட இல்லை என்று அறிவித்து இனிப்பு வழங்கினார்கள்.

பொருந்தாத கால்களும் சில இருந்தன. அவை நேரான கால்கள். அரச நேர்கோலோடு பொருந்தாத காலுடைய குழந்தை ஊற்று நீரைக் குடிக்கவில்லை என்றுதானே பொருள்? குடிக்கவில்லை என்றால் வேறு ஏதோ நீரைக் குடித்திருக்கிறது. ஏரி பூட்டிக் கிடக்கிறது, அப்படியானால் மழைநீர். வானம் மன்னருடையது. ஆகவே அது திருட்டு. இப்படியாக நேரான கால் குற்றமாயிற்று.

கள்ளிமேட்டுக்குக் கோலோடு வந்தவர்கள் செவந்தியை நிற்கவைத்து அளந்தார்கள். அஞ்சலையைக் கையோடு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். குழந்தை பின்னாலேயே ஓடியது. அந்தத் தெருவில் அப்படி ஓடக்கூடிய பிள்ளை அது ஒன்றுதான்.

வழக்கு அரசவையில் நடந்தது. மற்ற பெண்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று கள்ளிமேட்டுப் பெண்களை வண்டி வண்டியாக ஏற்றிவந்து அவையின் பின்புறம் நிறுத்தியிருந்தார்கள். அரியணையில் மன்னர், பக்கத்தில் அரசி, அரசியின் மடியை ஒட்டிச் சின்ன ஆசனத்தில் இளவரசர். ஊற்றுகள் எல்லாம் வந்தபிறகு பிறந்த பிள்ளை.

பங்கயத்தை அம்பலவாணரே வீடு தேடி வந்து அழைத்துப் போயிருந்தார். "அவை உங்கள் ஆய்வை நேரடியாகக் கேட்கப் போகிறது. வெற்றிலைகூட இல்லை. எத்தனை அறிஞருக்குக் கிட்டும் இந்தப் பேறு?"

ஒரு ஓரத்தில் கைகள் கட்டப்பட்டு அஞ்சலை நின்றாள். செவந்தி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பேரமைச்சர் கீர்த்திவர்மர் எழுந்தார். அவர் கையில் பங்கயத்தின் ஆய்வு இருந்தது. அதன் ஓரங்கள் நன்றாகப் புரட்டப்பட்டு நைந்திருந்தன.

"அறிஞர் பங்கயம் அவர்களே, இந்தக் குழந்தை திருமுடி ஊற்று நீரையே குடித்து வளர்ந்திருக்குமானால், இதன் கால்கள் எவ்வாறு இருந்திருக்கும்? தங்கள் ஆய்வின்படி விடை கூறுக. முழு ஆய்வின்படி."

பங்கயத்துக்கு அந்தக் கணம்தான் எல்லாம் விளங்கியது. இவர்களுக்குத் தெரியும். கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார்கள். கூடுதல் செம்பு புகட்டியபோதும் தெரியும், ஏரியைப் பூட்டியபோதும் தெரியும், கோலை வளைத்தபோதும் தெரியும். இத்தனை பிள்ளைகள் முடமாகும்வரை அந்த உண்மை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு தாயைச் சிறையில் தள்ள வேண்டும் என்றதும் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நேராகத்தான் இருந்திருக்கும் என்று ஒரு பொய் சொன்னால் போதும், தங்கை வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அவள் வாயாலேயே, இந்தப் பெண்கள் முன்னாலேயே சொன்னதாகிவிடும். அவள் அஞ்சலையைப் பார்த்தாள்.

"உள்ளதச் சொல்லுக்கா," என்றாள் அஞ்சலை சத்தமாக. "என்னப் பாக்காத. இத்தன பேரு கேட்டுக்கிட்டு நிக்கறாங்க."

பங்கயம் திரும்பினாள். அவையைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள்:

"வளைஞ்சிருக்கும். அந்தத் தண்ணியக் குடிச்சா எந்தக் குழந்தைக்கும் கால் வளையும். குடிக்காத குழந்தைக்கு மட்டும்தான் நேரா இருக்கும்."

"ஐயமின்றி?"

"கொஞ்சமும் சந்தேகம் இல்ல."

"அவை இதை ஏற்கிறது," என்றார் பேரமைச்சர் திருப்தியாக. "குழந்தையின் கால் நேராக இருப்பதே அது ஊற்று நீரைக் குடிக்கவில்லை என்பதற்கான சான்று. குற்றம் நிறுவப்பட்டது."

பெண்கள் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பங்கயம் வீடு வீடாக வந்து சொன்னபோது நம்பாததை இப்போது பேரமைச்சரே ஏற்றுக்கொண்டுவிட்டாரே. பொன்னாத்தா தன் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"நேரான கால் சாட்சின்னு அவை ஒத்துக்கிட்டது," என்றாள் பங்கயம். "அப்ப இன்னொண்ணு கேக்கறேன். இளவரசர ஆசனத்துல இருந்து எறக்கி நிக்க வெய்யுங்க. அவர் எந்தத் தண்ணி குடிக்கிறாருன்னு நாங்க பாத்துக்கறோம்."

அரசி சட்டென்று குனிந்து, தன் பட்டு மேலாடையை இழுத்து மகனின் கால்களை மூடினாள்.

அந்த ஒரு செய்கையை அத்தனை பெண்களும் பார்த்துவிட்டார்கள். மன்னர் எழுந்து உள்ளே போனார். சபை கலைந்ததாகச் சேவகன் கூவினான். தீர்ப்பு சொல்லப்படவில்லை.

மறுநாள் புதிதாக ஓர் ஆணை வந்தது. இனி நாட்டில் யாரும், எவரிடத்தும், கால்களைப் பற்றிப் பேசக் கூடாது. கால்களைப் பற்றிப் பேசாமல் நேர்கால் வழக்கை எப்படி நடத்துவது? நடத்த முடியாது. ஆகவே வழக்கு நிலுவையில் இருக்கும், தீர்ப்பு வரும்வரை அஞ்சலை சிறையில் இருப்பாள் என்று முடிவாயிற்று. பங்கயத்தைக் கல்விச்சாலையிலிருந்து நீக்கினார்கள். அவள் செவந்தியை அழைத்துக்கொண்டு கள்ளிமேட்டுக்கே வந்துவிட்டாள்.

சில நாள் கழித்து அம்பலவாணர் வந்தார். மன்றம் இப்போதும் அவளுக்கு உதவத் தயாராக இருந்தது.

"வழி ஒன்று இருக்கிறது, அம்மையே. குழந்தைக்கு ஊற்று நீரைக் கொடுத்து வாருங்கள். உரிய காலத்தில் அதன்... நடை மாறும். மாறிவிட்டால் சான்று மறைந்துவிடும். சான்று மறைந்தால் தாய் விடுதலை. அரசு பகை பாராட்டுவதில்லை."

பங்கயம் அவரை அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு, இது தன் முடிவு இல்லை, அஞ்சலையின் முடிவு என்று நினைத்துச் சிறைக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அஞ்சலை முழுவதையும் கேட்டாள்.

"ஓடறாளா?" என்று கேட்டாள்.

"ஓடறாடி. புடிக்க முடியல."

"அப்ப நான் இங்கயே கெடக்கறேன். ஒரு சொட்டு குடுத்த, அப்புறம் உன் மொகத்துல முழிக்க மாட்டேன்."

செம்பாறையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்புதல் விழா நடக்கும். மன்னரே தொடர்ந்து ஆளலாம் என்பவர்கள் வெள்ளைக் கூழாங்கல்லையும், வேண்டாம் என்பவர்கள் கறுப்பையும் பானையில் போட வேண்டும். கறுப்புக் கல் எங்கே கிடைக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த ஆண்டு கள்ளிமேட்டுப் பெண்கள் ஏரியின் முள்வேலியைப் பிய்த்தெறிந்திருந்தார்கள். பூட்டை அம்மிக் குழவியால் உடைத்தவள் பொன்னாத்தா. கண்காணிப்பாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் கால்களைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒப்புதல் கேட்டுப் பேரமைச்சரே பல்லக்கில் வந்தார். மக்களுக்கு நெருக்கமானவராகத் தோன்ற வேண்டும் என்று யாரோ யோசனை சொன்னதால் தம் பேரனையும் மடியில் வைத்துக் கூட்டி வந்திருந்தார். பின்னால் இரண்டு வண்டிகளில் இலவச ஊன்றுகோல்கள். சிலையடியில் பல்லக்கு நின்றது. உச்சி வெயில்.

"தாய்மார்களே," என்று தொடங்கினார் கீர்த்திவர்மர், "உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என் வீட்டுப் பிள்ளைகள்..."

"தாத்தா, தண்ணி வேணும்," என்றான் பேரன்.

பொன்னாத்தா இடுப்புக் குடத்தைச் சிலையின் கைக்குக் கீழே பிடித்தாள். நிரம்பியதும் தூக்கிக்கொண்டு வந்து பல்லக்கின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. புள்ளைக்குக் குடுங்க சாமி. நம்ம ஊத்துத் தண்ணிதான்."

பையன் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினான். தண்ணீர் அவன் உள்ளங்கையில் விழுந்தது. அவன் அதை வாய்க்குக் கொண்டுபோகும்போது பேரமைச்சர் பாய்ந்து அந்தக் கைகளைத் தட்டிவிட்டார். தட்டிய வேகத்தில் குடமும் சரிந்து கீழே விழுந்து உடைந்தது. பையன் அழத் தொடங்கினான். கீர்த்திவர்மர் தம் சால்வையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக அழுந்தத் துடைத்தார். துடைத்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பங்கயம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். செவந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றது.

"என் தங்கச்சியும் இதத்தானே செஞ்சா?" என்றாள். "அவ எதுக்கு உள்ள இருக்கா?"

பேரமைச்சர் வாயைத் திறந்தார். வெற்றிலை இல்லாத வாய்தான். ஆனாலும் பல்லக்கின் திரையை இழுத்து மூடிக்கொண்டார். தூக்கிகள் அதைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே வேகமாக நடந்தார்கள். பெண்கள் யாரும் பின்னால் போகவில்லை. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக ஏரிக்கரைப் பக்கம் நடந்து, சேற்றைக் கிளறிக் கறுப்புக் கற்களைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

பானைகளில் விழுந்த கற்களை எண்ணும் பொறுப்பு நல்லுறவு மன்றத்திடம் இருக்கிறது. எண்ணிக்கை இன்னும் முடியவில்லை என்கிறார்கள். அஞ்சலை இன்னும் சிறையில்தான் இருக்கிறாள்.